நீலப் பெட்டிக்கு நான் செய்த உபகாரம்

இயேசு மரி சூசை துணை

தருவைகுளம்,
பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை.

பேரன்புள்ள மருமகன் கிளைட்டன் அவர்களுக்கு,

உங்கள் மாமனார் இனிகோ எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் அத்தை ஞானசௌந்தரியும், உங்கள் மனைவி ஷெர்லினும், வீட்டை இப்போது ஆண்டுகொண்டிருக்கும் உங்கள் மகள் அனுஜாவும் மாதா காவலில் சுகம். அங்கே நீங்களும், உங்கள் கப்பலும், கேப்டனும், சமையல்காரரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். சமையல்காரரைத் தனியாகச் சொல்லக் காரணம், போன மாதம் நீங்கள் அனுப்பிய படத்தில் உங்கள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கொழும்பில் உங்கள் கப்பலில் ஏறப்போகும் நம் பக்கத்து வீட்டு ஃபிராங்க்ளின் கையில் இந்தக் கடிதத்தையும் இரண்டு கிலோ நெத்திலிக் கருவாட்டையும் கொடுத்தனுப்புகிறேன். கடிதம் கருவாட்டு வாசனை அடித்தால் மன்னிக்கவும். கருவாடு கடித வாசனை அடித்தால் ஃபிராங்க்ளினைக் கேட்கவும்.

புதன்கிழமை மத்தியானம் ஷெர்லின் உங்களுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாளாம். அதில் "அப்பா தடுப்பூசி மருந்தப் பூராம் கெடுத்துப்போட்டாரு" என்பது வரைக்கும்தான் உங்களுக்குப் போயிருக்கிறது. அதோடு உங்கள் கப்பல் சிக்னல் இல்லாத கடலுக்குள் போய்விட்டது. நடுக்கடலில் ஒரு தகப்பனுக்கு இது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆகவே நடந்ததை ஆதியோடந்தமாக எழுதுகிறேன். பயப்பட வேண்டாம். ஆனால் வரிசையாகப் படிக்க வேண்டும். இடையில் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது கப்பல்காரருக்கு அழகல்ல.

இந்தப் புதனோடு அனுஜாவுக்குப் பதினாலு வாரம். மூளைக்காய்ச்சல் கிருமிக்கும், நிமோனியாவுக்கும், இன்னும் நான் பெயர் மறந்த நாலைந்து நோய்க்கும் சேர்த்து அன்றைக்கு ஊசி. இரண்டு தொடையிலும் ஒவ்வொன்று, கையில் ஒன்று, வாயில் சொட்டு. இதைப் போடுகிறவர் கிருபை நர்சம்மா. நீங்கள் டவுன்காரர், அவரை உங்களுக்குத் தெரியாது. நாசரேத் பக்கம் சொந்த ஊர், நம் சபை இல்லை, வேதக்கோயில்காரர், நாற்பது வயசு இருக்கும், ஒல்லி உடம்பு, மீன் வாடை ஆகாது. மீன் வாடை ஆகாத ஒரு மனுஷி ஆறு வருஷமாகத் தருவைகுளத்துக்கு ஸ்கூட்டரில் வந்துபோகிறார் என்றால் அந்த ஒரு காரணத்துக்கே அவருக்குக் கெபி கட்டிச் சிலை வைக்கலாம். கைக்குட்டையில் தைலத்தை விட்டு மூக்கில் ஒற்றிக்கொண்டு ஒவ்வொரு சந்தாக நுழைவார். ஆளைப் பார்க்க மாட்டார், துணிக்கொடியைத்தான் பார்ப்பார். எந்த வீட்டுக் கொடியிலாவது புதிதாகப் பிள்ளைத்துணி காய்ந்தால் நின்றுவிடுவார். "எங்க வீட்டுல புள்ளயே இல்லியே" என்று சொல்லித் தப்பித்தவர் இதுவரை இந்த ஊரில் கிடையாது. சத்தம் போட்டுப் பேச மாட்டார். மெதுவாகச் சொல்லியே ஊரைக் கிடுகிடுக்க வைப்பார்.

அங்கன்வாடிக் கட்டடத்தில் ஓடு மாற்றுகிறார்கள். அதனால் இந்தப் புதன் மட்டும் ஊசி போட இடம் வேண்டுமென்று நர்சம்மா கேட்டதும், நான்தான் நம் ஐஸ் கம்பெனியின் ஆபீஸ் அறையைத் திறந்துவிட ஏற்பாடு செய்தேன். நான் ஃபோர்மேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆனாலும் அங்கே என் சொல்லுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். நாற்காலி போட்டேன், ஃபேனைத் துடைத்தேன், அம்மோனியா வாடை வராமல் பின்கதவை அடைத்தேன். காலை ஒன்பதரைக்கு நர்சம்மா தோளில் ஒரு நீலப் பெட்டியோடு வந்து இறங்கினார். மருந்தெல்லாம் அதற்குள்தான். நம் மீன் பெட்டிக்குத் தம்பி மாதிரி கெட்டியான மூடி, உள்ளே நாலு பக்கமும் தண்ணீர் அடைத்து உறையவைத்த பிளாஸ்டிக் பட்டைகள், நடுவில் ஒரு கவரில் மருந்துக் குப்பிகள். பெட்டியைத் திறந்து காட்டியபோது ஒரு பட்டையை எடுத்துத் தொட்டுப் பார்த்தேன். மருமகனே, பாதி உருகியிருந்தது! வேர்த்து விறுவிறுத்துக் கிடந்தது! காதோரம் வைத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கிறது!

நாற்பத்தோரு வருஷம் ஐஸ் போட்டவன் நான். பாதி உருகின ஐஸை எவனாவது என் கம்பெனி வாசலைத் தாண்டி எடுத்துப் போயிருக்கிறானா? "நர்சம்மா, ஐஸ் உருகிட்டுல்லா?" என்றேன். "அப்படித்தான் இருக்கணும் அண்ணாச்சி. வெளிய வச்சு கொஞ்சம் உருகவிட்டுத்தான் பெட்டில அடுக்குவோம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பனங்காட்டில் பிறந்தவர், பாவம், ஐஸைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புக்குத்தான் ஆண்டவர் அன்றைக்கே கூலி கொடுத்தார்.

நர்சம்மா என்னிடம், "நா போயி இன்னும் வராத ரெண்டு புள்ளைங்களக் கூட்டிட்டு வாரேன், பெட்டியப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்குள் போனார். பாத்துக்கிடுங்க என்றால் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கண்ணெதிரே என் பேத்தியின் மருந்து பாதி உருகிய ஐஸில் கிடக்கிறது. பின்பக்கம் பத்தடி தூரத்தில் ஊருக்கே ஐஸ் கொடுக்கிற கம்பெனி. ஐஸ் உடைக்கும் கிரஷரில் நிற்கும் சொரிமுத்துவைக் கூப்பிட்டேன். ஐம்பத்திரண்டு வயசு ஆள், இன்றைக்கும் நான் "ஏலே" என்றால் பீடியைக் கீழே போடுகிறவன். "ஏலே, நல்ல பொடி ஐஸா ஒரு கூடை கொண்டா" என்றேன். பட்டைகளை எடுத்துத் தூரப் போட்டேன். கவரைச் சுற்றிலும் பொடி ஐஸை அமுக்கி அமுக்கி நிரப்பினேன். வஞ்சிரத்துக்கு நாம் செய்கிற மாதிரியே மேலே இரண்டு கை கல்லுப்பும் தூவினேன். உப்பு போட்டால் ஐஸுக்குக் குளிர் இன்னும் ஏறும் என்பது நம் பிள்ளைகளுக்கே தெரியும். உப்பும் நம் ஊர்ச் சரக்கு, ஐஸும் நம் ஊர்ச் சரக்கு. சர்க்கார் மருந்துக்கு நம் ஊர் செய்த மரியாதை என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பனிமய மாதா காவல் இருக்கிற கரையில் குளிரினால் ஒரு கெடுதல் வரும் என்று யார்தான் நினைப்பார்கள், சொல்லுங்கள்.

முக்கால் மணி நேரம் கழித்து நர்சம்மா இரண்டு பிள்ளைகளோடும் அவர்கள் தாய்மாரோடும் வந்தார். மொத்தம் பதினோரு பிள்ளைகள் ஆயிற்று. கையைக் கழுவினார். பெட்டியைத் திறந்தார். நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன், பாராட்டை வாங்க வேண்டுமே. அவர் ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மருந்து கல்லாக உறைந்திருந்தது. "எப்படி நர்சம்மா, கல்லு மாதிரி இருக்குல்லா?" என்றேன். அவர் அடுத்த குப்பியை எடுத்தார். அடுத்தது. அடுத்தது. பிறகு மேஜை மேல் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, தைலக் கைக்குட்டையால் மூக்கை அல்ல, கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"யாரு அண்ணாச்சி இதுல உப்பு போட்டது?"

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நர்சம்மா என்னை அப்படித்தான் நினைக்கப்போகிறார் என்று அந்த நிமிஷமே எனக்கு விளங்கிவிட்டது. "நாந்தான்" என்றேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார். "மீனு உறைஞ்சாலும் மீனுதான் அண்ணாச்சி. இந்த மருந்து ஒருக்கா உறைஞ்சா செத்துப்போவும். குளிரணும், ஆனா உறையக் கூடாது. ரெண்டு டிகிரிக்கு மேல, எட்டுக்குக் கீழ. அதுக்குத்தான் ஐஸ உருகவிட்டு வைக்கது."

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சின்ன வகுப்பிலேயே எழுதிப் பழகினேன். ஐஸுக்கும் அது பொருந்தும் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. அப்போதும் என் புத்தி பாருங்கள், "வெயில்ல வச்சா உருகிருமே, உருகினா சரியாப்போவாதா? பாத்தா வித்தியாசமே தெரியாதுல்லா?" என்றேன். நர்சம்மா நிமிர்ந்து பார்த்தார். "தெரியாது. யாருக்கும் தெரியாது. நா குத்தி விட்டுட்டுப் போயிரலாம். கார்டுல தேதி எழுதிரலாம். புள்ளைக்கு ஊசி போட்டாச்சின்னு தாய் நிம்மதியா இருப்பா. காய்ச்சல் வந்தா அது கார்டப் பாத்துட்டாத் திரும்பிப் போவும்?" என்றார். பிறகு ரெஜிஸ்டரைத் திறந்து எத்தனை குப்பி உறைந்தது, பயன்படுத்தவில்லை என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். ‘பெட்டியை விட்டு நான் விலகியது’ என்று எழுதியிருந்தார். நான் செய்த பிழையை இன்னொருவர் தன் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போடுவதை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. கம்பெனியில் எல்லாம் நேர் எதிராகத்தான் நடக்கும்.

கிளைட்டன், இங்கே ஒன்று சொல்ல வேண்டும். உங்களிடம் மட்டும். ஷெர்லினுக்குத் தெரியக் கூடாது. ஷெர்லினுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு மகன் இருந்தான். பெனிஸ்டன். ஏழு மாதத்தில் காய்ச்சல் வந்தது. பல் முளைக்கிற காய்ச்சல் என்று இரண்டு நாள் இருந்துவிட்டோம். மூன்றாம் நாள் உச்சிக்குழி வீங்கி நின்றது, கழுத்து விறைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூளைக்காய்ச்சல் என்றார்கள். கிருமியால் வருவது, பிந்திவிட்டது என்றார்கள். அப்போது இந்த ஊசி நம் பக்கம் கிடையாது. காய்ச்சலைத் தணிக்க வேண்டும் என்றதும் நான் கம்பெனிக்கு ஓடி ஐஸ் கொண்டுவந்தேன். இரண்டு நாள், இருபது தடவை கொண்டுவந்தேன். என் கம்பெனி ஐஸ் முழுவதையும் அவன் நெற்றியில் வைத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. ஷெர்லினிடம் அண்ணன் ஒருவன் காய்ச்சலில் போய்விட்டான் என்று மட்டும்தான் சொல்லி வைத்திருக்கிறோம். உங்கள் அத்தை அதற்குப் பிறகு ஊசி போடும் எந்த இடத்துக்கும் வந்ததில்லை. ஷெர்லினுக்குச் சின்ன வயசில் ஊசி போட்டதெல்லாம் என் தங்கச்சி தூக்கிக்கொண்டு போய்த்தான். ஆகவே அந்த நீலப் பெட்டிக்குள் உருகின ஐஸைப் பார்த்ததும் எனக்கு ஏன் கை பரபரத்தது என்று நீங்கள் புரிந்துகொள்வீர்கள். புரிந்துகொள்ளுங்கள், ஆனால் நியாயம் என்று சொல்லிவிடாதீர்கள். நியாயமில்லை. பதினோரு பிள்ளைகளின் மருந்தை நான் கெடுத்தேன், அதில் ஒன்று உங்கள் பிள்ளை.

அடுத்த புதன் போட்டுக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். அடுத்த புதன் சாம்பல் புதன், ஊரே கோவிலில் இருக்கும். அதற்கு அடுத்த வாரம் பாதிப் பேர் ஞாபகம் இல்லை என்பார்கள். நர்சம்மாவுக்கு இது தெரியும். "இன்னைக்கே போட்டுருவோம். நா போயி வேற மருந்து எடுத்துட்டு வாரேன்" என்று எழுந்தார். சுகாதார நிலையம் இங்கிருந்து இருபது கிலோமீட்டர். ஸ்கூட்டரை எடுத்தால் பின் டயரில் காற்று இல்லை. ஒரு தூண்டில் முள் கொண்டை வரைக்கும் ஏறியிருந்தது. அந்த முள் யாருடையது என்று நான் விசாரிக்கவில்லை, அன்றைக்கு எனக்கு விசாரிக்கிற யோக்கியதை இல்லை. கடைக்காரர் பால்துரை அண்ணாச்சியின் குட்டியானை வண்டி வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. காலில் விழாத குறையாகக் கேட்டேன். "ஏறுங்கடே" என்றார்.

இதற்குள் தாய்மார் ஒவ்வொருவராக எழுந்துவிட்டார்கள். "உலையில அரிசி போடணும்" என்றாள் ஒருத்தி. "எம் புள்ள பசியில கத்துதான்" என்றாள் இன்னொருத்தி. நான் வண்டியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நிற்கும்போது, கம்பெனி கேட்டுப் பக்கம் உங்கள் அத்தை வந்து நின்றாள். வீட்டிலிருந்து எப்போது வந்தாள் என்று தெரியாது. கேட்டை இழுத்துச் சாத்திப் பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "ஏளா, எல்லாரும் உக்காருங்க. பால் குடுக்கவ குடுங்க, பசிக்கவ சொல்லுங்க. பனங்கெழங்கு அவிச்சிருக்கேன், கொண்டாரேன். ஊசி போடாம ஒருத்தியும் வெளிய போவக் கூடாது" என்றாள். "அத்தே, அடுத்த வாரம்" என்று ஒருத்தி இழுத்தாள். "அடுத்த வாரம் யாருக்குத் தெரியும்? உக்காரு" என்றாள். எழுந்தவர்கள் எல்லோரும் திரும்ப உட்கார்ந்தார்கள். முப்பத்தாறு வருஷமாக ஊசிப் பக்கம் வராதவள் ஊசிக்குக் காவல் நின்றதை நான் வண்டியிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா முன்னால் நானே போய் நின்று, "பிழை நர்சம்மாவோடது இல்ல, எம் பிழை. ஐஸ் போட்டது நான், உப்பு போட்டது நான், பெருமைப்பட்டதும் நான்" என்று ஒப்புக்கொண்டேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. டாக்டரம்மா சின்ன வயசு. என்னைப் பார்த்தார், நர்சம்மாவைப் பார்த்தார், "ஐஸ் கம்பெனில கொண்டுபோய்ப் பெட்டிய வச்சுட்டு, ஐஸ் வைக்காதீங்கன்னு சொல்லாம விட்டது நம்ம பிழையும்தான்" என்றார். புது மருந்து கொடுத்தார்கள். நர்சம்மா அங்கே உறையவைத்திருந்த வேறு பட்டைகளை எடுத்து மேஜையில் பரப்பி வைத்தார். ஒவ்வொன்றாகக் காதோரம் குலுக்கிப் பார்த்தார். தண்ணீர் சத்தம் கேட்கும்வரை பெட்டியில் வைக்கவில்லை. ஐஸ் உருகுவதற்காகக் காத்திருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எண்ணிப் பார்த்தால் பதினோரு பிள்ளைக்கு மேலேயே மருந்து எடுத்தார். எதற்கு என்றேன். "எப்பவும் கொஞ்சம் கூடத்தான் எடுப்பேன். எந்தக் கொடில என்ன காயுதோ" என்றார்.

திரும்பி வரும்போது பெட்டி என் மடியில். நர்சம்மா கொடுத்தது தண்டனையா நம்பிக்கையா என்று நான் கேட்கவில்லை. "அண்ணாச்சி, பிடிச்சுக்கிடணும், தொறக்கக் கூடாது" என்றார். சரி என்றேன். ஆனால் மருமகனே, இந்தக் கரையில் ஒரு மனுஷன் மடியில் ஐஸ் பெட்டியோடு போனால் சும்மா விடுவார்களா? உப்பளத்துப் பக்கம் வண்டி சூடாகி, தண்ணீர் ஊற்ற டீக்கடையில் நிறுத்தினோம். மீன் ஏவாரி நேசக்குமார் அங்கே நின்றான். "அண்ணாச்சி, என்ன சரக்கு? நண்டா? வெயில் இந்தப் போடு போடுதே, நம்ம வண்டில பொடி ஐஸ் கெடக்கு, ரெண்டு அள்ளுப் போடுதேன்" என்று சொல்லும்போதே கையில் அள்ளிவிட்டான். பாசக்காரப் பயல். "தொட்டே, கைய ஒடிச்சிருவேன்!" என்று கத்திவிட்டேன். நாற்பத்தோரு வருஷத்தில் இந்த இனிகோ ஐஸ் வேண்டாமென்று சொல்லி அவன் கேட்டதில்லை. வாயைப் பிளந்தான். ஐஸ் வேண்டாத சரக்கு, யாரையும் தொடவிடாத சரக்கு, மடியைவிட்டு இறக்காத சரக்கு. அவன் மூளை எங்கே போகும்? உடனே போனை எடுத்து ஊருக்குச் சொல்லியிருக்கிறான், இனிகோ அண்ணாச்சி மடியில் முத்து வைத்துக்கொண்டு போகிறார் என்று. முத்துக் குளிப்பு நின்று எத்தனை வருஷம்! ஆனாலும் முத்து என்றால் இந்தக் கரைக்காரன் காதுக்குச் செவிடு கிடையாது.

நாங்கள் கம்பெனி வாசலில் வந்து இறங்கும்போது கேட்டுக்கு வெளியே ஊரே நிற்கிறது. வலை பின்னிக்கொண்டிருந்தவன், சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவன், தூங்கி எழுந்தவன் எல்லோரும். நான் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இறங்கினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சொரிமுத்து வந்தான். விசுவாசம் என்றால் அவன்தான். பெட்டியைக் கண்டதும் அவன் கை தானாகவே வேலை செய்தது. ஒரு கூடைப் பொடி ஐஸைத் தலைக்குமேல் தூக்கி, "வச்சிருங்கண்ணாச்சி, போட்டுருதேன்" என்றான். நான் பெட்டிமேல் கவிழ்ந்து விழுந்தேன். கூடை ஐஸும் என் சட்டைக் காலருக்குள் இறங்கி இடுப்பு வேட்டியில் போய் நின்றது. ரெண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் என்று நர்சம்மா சொன்ன கணக்கு என் முதுகுக்குத் தெரியவில்லை. பெட்டிக்குள் ஒரு துளிகூடப் போகவில்லை.

நர்சம்மாவின் சாமர்த்தியத்தை இங்கேதான் பார்க்க வேண்டும். ஊர் முழுக்க வாசலில் நிற்கிறது, முத்து எங்கே என்று கேட்கிறது. வேறு யாராவது இருந்தால் விரட்டியிருப்பார்கள். அவர் கேட்டின் மேல் கையை வைத்து நின்றுகொண்டு, அந்த மெதுவான குரலில், "முத்து உள்ள இருக்கு, காட்டுதேன். அதுக்கு முன்ன, மாடக்கண்ணு, உங்க வீட்டுக் கொடில போன மாசத்துலேர்ந்து புள்ளத்துணி காயுது. ரெண்டு ஊசி பாக்கி. லிங்கராஜ், நீங்க வெளியூர்லேர்ந்து வந்து பதினஞ்சு நாளாச்சு, புள்ள கார்ட இன்னும் கண்ணுல காட்டல. போயித் தூக்கிட்டு வாங்க, நிக்கேன்" என்றார். ஊர் முன்னால் கேட்டால் எந்த ஆம்பிளை இல்லை என்பான்? இரண்டு பேரும் போய்ப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கேட்டுக்குள் இருந்த பிள்ளைகளைக் காட்டி, "இதுகதான் முத்து" என்றார் நர்சம்மா. பதினொன்று பதிமூன்றாயிற்று. கூட எடுத்துவந்த மருந்து கணக்காக இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்த குரங்கை நர்சம்மா பிள்ளையாராக்கிவிட்டார்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஊசி ஆரம்பித்தது. அனுஜா ஆறாவது. ஷெர்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தாய் மனசு. நான்தான் பிள்ளையை மடியில் வைத்துக் காலைப் பிடித்துக்கொண்டேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. இடது தொடையில் ஒன்று, வலது தொடையில் ஒன்று, கையில் ஒன்று. உங்கள் மகள் சைரன் மாதிரி கத்தினாள், துறைமுகத்தில் நாலு கப்பல் கிளம்பியிருக்கும். நான் அசையவில்லை. நர்சம்மா அரை மணி நேரம் எல்லோரையும் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, ராத்திரி காய்ச்சல் வந்தால் என்ன கொடுக்க வேண்டும், வீங்கினால் என்ன செய்ய வேண்டும், எப்போது தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும் என்று ஒவ்வொரு தாயிடமும் தனித்தனியாகச் சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். வீங்கின இடத்தில் ஐஸ் வைக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். அங்கே இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

ஐந்தரை மணிக்கு நர்சம்மா ஒட்டுப்போட்ட டயரோடு கிளம்பும்போது உங்கள் அத்தை இரண்டு சீலா மீன் கருவாட்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். மீன் வாடை ஆகாத அந்த மனுஷி சிரித்துக்கொண்டே வாங்கி, நீலப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, தைலக் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு போனார். இந்த ஊரில் வலம்புரிச் சங்கு எடுத்தவனைப் பார்த்திருக்கிறேன், புயலில் தோணியைக் கரைசேர்த்தவனைப் பார்த்திருக்கிறேன். இவரைப் போல ஒருவரைப் பார்த்ததில்லை. பெனிஸ்டன் காலத்தில் இவர் இருந்திருந்தால் என்று நினைத்தேன். நினைத்து என்ன பயன்? அனுஜா காலத்தில் இருக்கிறார், அது போதும். இனிமேல் என் ஆயுள் உள்ளவரை நர்சம்மாவின் பெட்டியை என் சுண்டுவிரலாலும் தொட மாட்டேன் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன்.

நீங்கள் மனசைப் போட்டு உழப்பாமல் வேலையைப் பாருங்கள். டெக்கில் தொப்பி போடுங்கள். கேப்டனுக்கு என் வணக்கம், சமையல்காரருக்குக் கருவாட்டில் பாதி. உங்கள் காலடியில் கப்பலும், கப்பலடியில் கடலும், எல்லாவற்றுக்கும் மேலே மாதாவும் பத்திரமாக இருக்க ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமனார்,
இனிகோ

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் ஷெர்லின் கடிதம் முழுவதையும் படித்துவிட்டாள். திருத்தாமல் அனுப்பினால் ஃபிராங்க்ளின் பையில் இவள் ஒரு தனிக் கடிதம் வைப்பாளாம். ஆகவே எழுதுகிறேன். பெட்டியைத் தொட மாட்டேன் என்ற நேர்ச்சை செல்லாது. நேற்று நர்சம்மா போன் செய்து, வாராவாரம் புதன்கிழமை பட்டைகளைக் காதோரம் குலுக்கித் தண்ணீர் சத்தம் கேட்கிற வேலை எனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். ஐஸ் சத்தத்தில் பழகின காது வேறு யாருக்கும் இல்லையாம். பெனிஸ்டன் விஷயத்தில் உங்களிடம் நான் கேட்ட ரகசியமும் வேண்டாம். ஷெர்லின் ஆறாம் வகுப்பு படிக்கும்போதே அவள் அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள், அப்பாவிடம் கேட்காதே என்றும் சொல்லியிருக்கிறாள். இருபது வருஷமாக மூன்று பேரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். கடைசியாக ஒன்று. அனுஜாவின் காலைப் பிடித்தது நான் இல்லை. நர்சம்மா ஊசியை எடுத்ததுமே நான் எழுந்து கிரஷர் பக்கம் போய், அது ஓடுகிற சத்தத்தில் காதையும் பொத்திக்கொண்டு நின்றேன். பிள்ளையை மடியில் வாங்கிக் காலைப் பிடித்தது உங்கள் அத்தை. ஊசி முடிந்ததும் பிள்ளையின் உச்சிக்குழியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாளாம். "சமமா இருக்கு" என்றாளாம். அதற்குப் பிறகுதான் அழுதாளாம். ஒன்பதாம் மாத ஊசி ஆகஸ்ட் முதல் வாரம், மாதா திருவிழாவுக்கு நீங்கள் லீவில் வரும் நேரம்தான். தவறாமல் வந்துவிடுங்கள். காலைப் பிடிக்க ஆள் இருக்கிறது. கிரஷர் பக்கம் எனக்குத்தான் ஒரு துணை வேண்டும்.